அறுபதைத் தாண்டாத எண்கள்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு விசாரணைக் கோப்பில் அந்தப் பெயரை ஏற்கெனவே தேவையில்லாமல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் நானும் ஏற்ற வேண்டாம்.

பாண்டிச்சேரியைச் சேர்ந்த நெட்டப்பாக்கத்திலிருந்து கரியமாணிக்கம் போகும் சாலையில், கரும்பு லாரிகள் ஒடித்துத் திரும்பும் முனைக்கு அடுத்ததாக அவர் கடை இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். வருமானச் சான்று, குடியிருப்புச் சான்று, ரேஷன் கார்டு திருத்தம் என்று ஆன்லைனில் மனு போட வேண்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் போவார்கள். போகிறவர்கள் கொஞ்சம் பயந்துகொண்டேதான் போவார்கள். காரணம், அவர் கோபம்.

அந்தக் கோபம் எண்களைப் பற்றியது. வெறும் எண்ணைச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

"எட்டு போடும்மா."

"இன்னா எட்டு? எட்டு காப்பியா, எட்டாம் பக்கமா?"

பிறந்த தேதி 3/4 என்று எழுதிக்கொண்டு வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்றாம் தேதி நான்காம் மாதமா, நான்காம் தேதி மூன்றாம் மாதமா என்று தெரியாமல் அவர் கை விசைப்பலகையைத் தொடாது. "எதுனா ஒன்னு போடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். கடைக்கு வெளியே அனுப்பிவிட்டார். "நம்பருக்கு முன்னாடி இன்னா இருக்குது, பின்னாடி இன்னா இருக்குதுன்னு பாருங்கப்பா. அத உட்டுட்டு நம்பர மட்டும் தூக்கிக்கினு வர்றீங்க" என்று சாலை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார்.

ஒரு முறை கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் மருந்துச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்தார். சீட்டில் 2.5 மில்லி என்றிருந்தது. நகலில் புள்ளி விழவில்லை. 25 என்று வந்துவிட்டது. அந்தப் பெண் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். இவர் அசலை வைக்கும் கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் மெஷினில் வெள்ளைக் கோடு விழுவதைப் பார்த்தார். கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடினார். பஸ்ஸை மறித்து நிறுத்தி, அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டு, கையாலேயே வேறு சீட்டு எழுதிக் கொடுத்தார். கண்டக்டர் சத்தம் போட்டதற்கு அவரையும் ஒரு பிடி பிடித்தார். திரும்பி வந்து மெஷினையும் திட்டினார்.

காதுகுத்துப் பத்திரிகை ஒன்றும் நினைவிருக்கிறது. மண்டபத்துக்கு வழி காட்டும் க்யூஆர் கோடைப் பத்திரிகையில் போட்டுத் தரச் சொல்லி வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். மண்டபம் இருக்கும் இடத்துக்கான எண்களைத் தானே போனில் பார்த்து எழுதி வந்திருந்தார். முதலில் 79, பிறகு 11. இவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். முழுக்க வெள்ளையாக, கடலுக்கு நடுவே ஒரு தீவு.

"இது எங்க இருக்குது தெரியுமா? வட துருவத்துக்குப் பக்கத்துல. உங்க சொந்தக்காரங்கல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கினு வந்து மொய் எழுதுவாங்களா?"

"நம்பர் கரெக்டாத்தாம்மா இருக்குது."

"நம்பர் கரெக்டு. எது முன்ன வரணும்னு தெரியல. வடக்கு தெக்கு முதல்ல, கெழக்கு மேற்கு அப்புறம். பதினொன்னு முன்ன வரணும்." பிறகு, "உங்கள சொல்லி இன்னா பண்றது" என்று முணுமுணுத்தபடியே சரியாகப் போட்டுக் கொடுத்தார்.

இந்தக் குணத்துக்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். யாரோ விபத்தில் போய்விட்டார்களாம், ஆம்புலன்ஸ் வழி தவறியதாம், அதிலிருந்து இப்படி ஆகிவிட்டாராம். நான் ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்டி ஒரு கதையும் கெடயாது. ஐ.டி.ஐ.ல சர்வேயர் படிச்சேன். படிச்சத மறக்கல. அதுக்குக்கூடவா ஒரு சாவு வேணும்?"

படித்த வேலை கிடைக்கவில்லை, கடை வைத்தார். அவ்வளவுதான். ஒரு பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதற்கு ஊர் ஒரு துக்கத்தைக் காரணமாகத் தேடியதை நினைத்தால் எனக்கும் இப்போது எரிச்சலாகத்தான் வருகிறது. தேடியவர்களில் நானும் ஒருவன்.

நான் அப்போது ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எங்கள் வீட்டுக்கு நிலபுலன் உண்டு. அவருடைய அம்மா எங்கள் பக்கத்து வயல்களில் நடவுக்கு வந்தவர். வீட்டில் அவரை "அந்தக் கடைக்காரி" என்பார்கள். நான் கடையில் "அக்கா" என்பேன். வீட்டில் வாயைத் திறக்க மாட்டேன். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

அந்த வருடம் மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு, அவருடைய அம்மா இருந்த காலனிக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு, அங்கே வெகுகாலமாகக் குடியிருப்பவர்களுக்கு மனைப்பட்டா தருவதாக முடிவானது. வீடு வீடாகப் போய் இருப்பிடத்தைக் குறித்து வர இரண்டு ஊழியர்களை அனுப்பினார்கள். ஒரே தெரு, எதிரெதிராக இரண்டு வரிசை. மேலண்டை வரிசைக்குப் போனவர் போனில் வரைபடத்தைத் திறந்து, அது காட்டிய தசம எண்ணை எழுதிக்கொண்டு வந்தார். கீழண்டை வரிசைக்குப் போனவர் போனிலிருந்த திசைகாட்டியைத் திறந்தார். அது டிகிரி, நிமிடம், விநாடி என்று பிரித்துக் காட்டும். 11 டிகிரி 51 நிமிடம் 30 விநாடி, 79 டிகிரி 38 நிமிடம் 15 விநாடி என்பதுபோல அவர் எழுதி வந்தார். இரண்டு பேரும் எழுதியது சரி. இரண்டு தாளும் என் மேசைக்கு வந்தன.

ஆன்லைன் படிவம் ஒரே ஒரு புள்ளி உள்ள எண்ணை மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. டிகிரி வட்டமும் நிமிடக் கோடும் போட்டால் சிவப்பாகக் காட்டியது. கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கெல்லாமா வந்து நிப்ப? பதினொன்னுக்கு அப்புறம் புள்ளிய வெச்சு மீதிய ஒட்டிப் போடு."

ஒட்டிப் போட்டேன். 11.5130. 79.3815. கீழண்டை வரிசை முழுக்க அப்படியே.

அலுவலகப் பிரிண்டரில் டோனர் தீர்ந்திருந்தது. பட்டியலை அனுப்புவதற்கு முன் கையெழுத்துக்கு ஒரு பிரதி வேண்டும் என்று அவர் கடைக்கு எடுத்துப் போனேன். தாள் மெஷினிலிருந்து வெளியே வரும்போதே அவர் பார்வை அதில் நின்றுவிட்டது.

"இது யாரு டைப் பண்ணது?"

"நாந்தாங்க்கா."

"கடைசி ரெண்டு நம்பர மட்டும் பார்த்துக்கினே வா. முப்பது, பன்னெண்டு, நாப்பத்தேழு, ஐம்பத்தெட்டு, நாலு... இத்தினி வூட்டுல அறுபதத் தாண்டி ஒன்னுகூட இல்லியே, ஏன்? மேலண்டை வரிசையப் பாரு, எழுபத்தி மூணு, தொண்ணூத்தி ஒன்னுன்னு எல்லாம் வருது."

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு பில்லைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார்.

"பதினொன்னரை மணிய 11.30ன்னு எழுதுறல்ல? கம்ப்யூட்டருக்கு அது பதினொன்னரை இல்ல. அதுக்கு அரைன்னா 11.5. இதுவும் கடிகாரக் கணக்குதான். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு அறுபது செகண்டு. முதல்ல செகண்டப் புடி. முப்பத அறுபதால வகுத்தா அரை. ஐம்பத்தொன்னோட சேத்தா ஐம்பத்தொன்னரை நிமிஷம். அதத் திரும்ப அறுபதால வகு. புள்ளி எட்டு அஞ்சு எட்டு மூணு. அப்ப 11.8583. அந்தப் பக்கம் 79.6375. இதுதான் வூடு. நீ போட்டிருக்கிறது எங்க இருக்குதுன்னு பாக்குறியா?"

பார்த்தேன். விருத்தாசலத்துக்குக் கிழக்கே ஏதோ வெட்டவெளி. காலனியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். அது தமிழ்நாடு, வேறு மாநிலம்.

"போயி மாத்து. இப்பவே போ" என்றார்.

போனேன். சொன்னேன். கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை.

"யாரு சொன்னது? அந்தக் காலனிக்காரியா? ஜெராக்ஸ் போடுறவ சொல்லி நான் கவர்மென்ட் லிஸ்ட மாத்தணுமா? அனுப்புய்யா."

அனுப்பினேன். 'அனுப்பப்பட்டது' என்று எழுத விரலுக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது! அனுப்பினது நான்தான்.

இரண்டு மாதம் கழித்துக் கீழண்டை வரிசை வீடுகளுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பதாரரின் குடியிருப்பு இந்த ஒன்றியப் பிரதேச எல்லைக்கு வெளியே அமைந்திருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கீழே இருப்பிட எண்கள். ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பிள்ளைகள் படிக்கும் பள்ளி இங்கே. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லைக்கோடு வயல் வரப்புக்கு வரப்பு வளைந்து போகிறது. ஒருவர் நிலத்தின் தலைமாடு பாண்டிச்சேரியிலும் கால்மாடு தமிழ்நாட்டிலும் இருக்கும். அதனால் ஒரு தெருவுக்கு நடுவே எல்லை ஓடுகிறது என்று சொன்னாலும் நம்புவதற்கு ஆள் இருந்தது.

தெரு இரண்டுபட்டது. தண்ணீர்க் குழாயில் மேலண்டை வரிசைப் பெண் ஒருத்தி அவருடைய அம்மாவின் குடத்தை நகர்த்திவைத்து, "நீங்கதான் தமிழ்நாட்டுக்காரங்களாச்சே, அங்க போயி புடிங்க" என்றாளாம். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று அவள் பிறகு சொன்னாள். அம்மா மறுநாளிலிருந்து குழாய்க்குப் போகவில்லை. சம்பா நடவுக்கு இவ்வளவு காலம் இதே மண்ணில் குனிந்த முதுகு அது. அந்த அம்மாளை வெளியூர்க்காரியாக்க என்னுடைய ஒரு புள்ளி போதுமானதாக இருந்தது.

அவர் என் அலுவலக வாசலுக்கு வந்து காத்திருந்தார். கையில், வரிசையில் ஒரு வீடு விடாமல் வாங்கிச் சேர்த்த அறிவிப்புகள்.

"குறைகேட்புக்குப் போறேன். நீ எனக்கு ரெண்டு வரி எழுதிக் குடு. நாந்தான் டைப் பண்ணேன், டிகிரி நிமிஷத்துல இருந்தத அப்டியே புள்ளி வெச்சுப் போட்டேன்னு. கீழ கையெழுத்து."

"அக்கா, ஒப்பந்த வேலக்கா. தூக்கிடுவாங்க."

"எங்கம்மாவ ஊர உட்டே தூக்கிட்டாங்க. அத இன்னா பண்ணலாம்னு சொல்லு."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தாள்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

குறைகேட்பு ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. மேலதிகாரி ஒருவர் நடுவில், பக்கத்தில் எங்கள் கண்காணிப்பாளர், பின்னால் கோப்புகளைப் பிடித்துக்கொண்டு நான். கீழண்டை வரிசைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் முறை வந்ததும் அறிவிப்புகளை மேசைமேல் வைத்தார்.

"கம்ப்யூட்டர் தப்பு சொல்லாதும்மா" என்றார் கண்காணிப்பாளர்.

"சார், உங்க போன்ல திசைகாட்டி இருக்குதுங்களா?" அவர் கேட்டது மேலதிகாரியிடம். "தொறங்க. கீழ நம்பர் வரும். நீங்க இப்ப குந்திக்கினு இருக்குற எடத்தோட நம்பர். படிங்க."

மேலதிகாரிக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். படித்தார். பதினொன்று டிகிரி, ஐம்பத்தொன்று நிமிடம், நாற்பத்தெட்டு விநாடி. அடுத்ததையும் படித்தார்.

"இப்ப இவங்க போட்ட மாதிரியே, பதினொன்னுக்கு அப்புறம் புள்ளி வெச்சு மீதிய ஒட்டி, வரைபடத்துல போடுங்க."

மேலதிகாரி போட்டார். போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க சார் இருக்கீங்க?"

மேலதிகாரி இரண்டு விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினார்.

"விருத்தாசலத்துக்குக் கெழக்கதான? இப்ப நீங்களும் தமிழ்நாட்டுக்காரருதான் சார். இந்தக் கூடத்துல குந்த உங்களுக்கு இன்னா உரிம?"

கூடம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். கோபம் விடவில்லை. "ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி, அனுப்புறதுக்கு முன்னாடியே சொன்னேன் சார். கேக்கல இவங்க. காலனிக்காரி சொல்லிக் கேக்கணுமான்னு இருந்துட்டாங்க."

கண்காணிப்பாளர், ஒன்றும் தெரியாதவர்போல, சட்டென்று பிடித்துக்கொண்டார். "அனுப்புறதுக்கு முன்னாடியேவா? அப்ப கவர்மென்ட் லிஸ்ட் உன் கைக்கு எப்டி வந்துச்சு? யாரு குடுத்தது?"

கேள்வி அவரிடம்தான். அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தரம். நான் கையிலிருந்த கோப்பின் நாடாவைப் பார்த்தேன். அது பச்சை நாடா. அதை அவ்வளவு நேரம் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"சொல்ல மாட்டேன்" என்றார் அவர்.

பட்டியல் திருத்தப்பட்டது. கீழண்டை வரிசைக்கும் பட்டா வந்தது, அவருடைய அம்மாவுக்கும் வந்தது. விழாவில், 'தொழில்நுட்பக் கோளாறு விரைந்து சரிசெய்யப்பட்டது' என்று பேசினார்கள். எந்தத் தொழில்நுட்பம்? ஊழியர் எழுதியது சரி, போன் காட்டியது சரி, செயற்கைக்கோள் சொன்னது சரி. கேட்காத ஒரு காதும், கேட்டும் அனுப்பிய ஒரு கையும்தான் கோளாறு. விரைந்து சரிசெய்ததற்காகக் கண்காணிப்பாளருக்குச் சால்வை போட்டார்கள். நான் அந்தச் சால்வையைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு மேடைக்குப் போனேன். அந்த வேலையையும் எனக்குத்தான் கொடுத்தார்கள், நானும் செய்தேன்.

அவர் மேல் விசாரணை வைத்தார்கள். அரசு ஆவணத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தார், தகவலை வெளியிட்டார். ஆன்லைன் சேவைக்கான அவருடைய லாகின் முடக்கப்பட்டது. மூன்று தடவை கூப்பிட்டுக் கேட்டார்கள். மூன்று தடவையும் யார் பெயரையும் சொல்லவில்லை. லாகின் இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? ஜெராக்ஸ் மட்டும் எத்தனை நாள் ஓடும்? பொங்கலுக்கு முன்னால் ஷட்டரில் 'கடை வாடகைக்கு' என்று தாள் ஒட்டியிருந்தது. மேலண்டை வரிசையிலிருந்தோ கீழண்டை வரிசையிலிருந்தோ ஒருவர்கூட அலுவலகத்துக்கு வந்து ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு சுலபமாக அவர்கள்மேல் வந்தது!

என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். பாகூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, சாலை அகலப்படுத்த அளந்துகொண்டிருந்தார்கள். மூன்று கால் வைத்த கருவிக்குப் பின்னால், ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாகக் குனிந்து கண்ணை வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். எதிரே தூரத்தில் ஒருவர் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூணு செண்டிமீட்டரா, மூணு மில்லியா? ஒழுங்கா சொல்லுப்பா!" என்று இங்கிருந்தே அவரிடம் கத்திக்கொண்டிருந்தார்.

வண்டியை நிறுத்திவிட்டுப் போய் நின்றேன். என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்குறேன்."

"அம்மா?"

"இருக்காங்க."

வெயில் தார்ச் சாலையில் அடித்தது. இவ்வளவு நாள் மனதில் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. மிஞ்சியதைச் சொன்னேன்.

"அன்னிக்கி நான் எழுதிக் குடுத்திருக்கணுங்க்கா."

"ஆமா" என்றார். "குடுத்திருக்கணும்."

அதற்கு மேல் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். பரவாயில்லை என்றாவது, போடா என்றாவது. அவர் மறுபடி குனிந்து கருவியில் கண்ணை வைத்தார். பிறகு நிமிராமலே கையை மட்டும் ஆட்டினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு. மறைக்குது."

தள்ளி நின்றேன்.